ஸ்பீடிங் டிக்கெட், டிராஃபிக் ஸ்கூல், ஏறிய பிரீமியம்: மூன்று வருட கலிபோர்னியா அனுபவம்

கலிபோர்னியாவில் போலீஸ்காரர் எழுதிக் கொடுக்கும் ஸ்பீடிங் டிக்கெட்டில் அபராதம் எவ்வளவு என்று பொதுவாக இருக்காது. சில வாரம் கழித்து நீதிமன்றத்திலிருந்து தபாலில் வரும் நோட்டீஸைப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை எல்லோருக்கும் அந்தத் தொகையைப் பற்றியே கவலை. எங்கள் வீட்டில் எனக்கொன்று, மனைவிக்கொன்று என இரண்டு டிக்கெட் வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், டிக்கெட்டில் அபராதம்தான் சின்னச் செலவு. டிக்கெட்டால் ஓட்டுநர் பதிவில் ஏறும் ஒரு பாயிண்ட் (விதிமீறல் புள்ளி) இன்சூரன்ஸ் கம்பெனியின் கண்ணில் படுமா படாதா என்பதுதான் பெரிய செலவைத் தீர்மானிக்கிறது. அதைச் சரியாக மறைத்துவிட்டாலும் பிரீமியம் ஏறத்தான் செய்யும், அது வேறு கதை. அதற்கும் வருகிறேன்.

முதலில் அபராதம். வேக வரம்பைவிட 15 மைல் வரை கூடுதலாகப் போயிருந்தால் சட்டப்படி அடிப்படை அபராதம் வெறும் 35 டாலர். அதன் தலையில் மாநிலக் கூடுதல் கட்டணம், கவுன்டி கட்டணம், நீதிமன்றச் செலவு என்று ஒவ்வொன்றாக ஏறி, டிஎன்ஏ ஆய்வு நிதிக்குக்கூட ஒரு பங்கு சேர்ந்து, மொத்தம் 230 டாலரைத் தாண்டிவிடும். டிக்கெட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் தயங்க வேண்டியதில்லை. 'பதில் சொல்ல வருகிறேன்' என்ற வாக்குறுதிதான் அது, குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. கட்ட வசதியில்லை என்றால் நீதிமன்றங்களின் 'மைசைட்டேஷன்ஸ்' தளத்தில் வருமான விவரம் கொடுத்துக் குறைக்கச் சொல்லலாம், தவணை கேட்கலாம். கண்டுகொள்ளாமல் விடுவது மட்டும் கூடாது. 100 டாலர் வரை தாமதக் கட்டணம் சேர்வதோடு, ஆஜராகத் தவறியது தனிக் குற்றமாகிவிடும்.

என் நண்பர் ஒருவருக்கும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் டிக்கெட் வந்தது. ஆன்லைனில் போய் பணத்தைக் கட்டினார், தலைவலி விட்டது என்று மறந்துவிட்டார். பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். டிஎம்வி (வாகனப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் பார்க்கும் மாநிலத் துறை) பதிவில் ஒரு பாயிண்ட் ஏறியது. இன்சூரன்ஸைப் புதுப்பித்த அடுத்த ரெனிவலில் பிரீமியத்தில் ஏறிய தொகை அபராதத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அதற்கடுத்த ரெனிவல்களிலும் அது இறங்கவில்லை. மூன்று வருடம் அது கூடவே வரும்.

ஒரு பாயிண்ட் வந்தாலே 'குட் டிரைவர்' தள்ளுபடி போய்விடும் என்று வாட்ஸ்அப் குழுக்களில் அடித்துச் சொல்வார்கள். அது சரியில்லை. மூன்று வருடத்தில் ஒரு பாயிண்டுக்கு மேல் போனால்தான் அந்தக் குறைந்தபட்ச 20 சதவீதத் தள்ளுபடி கை நழுவும். நண்பருக்கு அது இன்னும் இருக்கிறது. ஆனால் தள்ளுபடி கழிப்பதற்கு முன்னால் போடும் விலையிலேயே ஓட்டுநரின் பதிவுக்கு ஒரு எடை உண்டு. அடி விழுந்தது அங்கேதான். ஒற்றைப் பாயிண்டோடு இருப்பவர் அடுத்த டிக்கெட் வாங்கினால் இரண்டு அடியும் சேர்ந்து விழும். நூறு மைல் வேகத்தைத் தாண்டிப் பிடிபட்டால் ஒரே டிக்கெட்டில் இரண்டு பாயிண்ட்.

நான் எடுத்தது டிராஃபிக் ஸ்கூல், அதாவது டிக்கெட் வாங்கியவர்கள் படிக்கும் பாதுகாப்பாக ஓட்டும் பாடம். பலர் நினைப்பதுபோல் இது அபராதத்தைக் குறைக்காது. முழு அபராதத்தையும் கட்ட வேண்டும், அதன் மேல் நீதிமன்றத்துக்கு நிர்வாகக் கட்டணம், அப்புறம் பள்ளிக்குத் தனிக் கட்டணம். இவ்வளவும் கொடுத்து வாங்குவது ஒன்றே ஒன்றுதான்: குற்றத்தீர்ப்பு பதிவில் இருக்கும், ஆனால் ரகசியமாக இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாது. 2011 ஜூலைக்கு முன்னால் வழக்கையே தள்ளுபடி செய்துவிடுவார்களாம். இப்போது மறைக்க மட்டும்தான் செய்கிறார்கள். ஒரு டிக்கெட்டுக்கு எடுத்தால், அந்த விதிமீறல் நடந்த தேதியிலிருந்து 18 மாதத்துக்குள் நடக்கும் இன்னொன்றுக்கு எடுக்க முடியாது. வரம்பைவிட 25 மைலுக்கு மேல் போயிருந்தால் கவுன்டரில் கேட்டு வாங்க முடியாது, நீதிபதி முன்னால்தான் போக வேண்டும். இந்த 18 மாதக் கணக்கு ஆளுக்கு ஆள் தனி. ஒரே பாலிசியில் இருந்தாலும் கணவன் எடுத்தது மனைவியின் வாய்ப்பைத் தின்றுவிடாது.

பள்ளி என்றதும் வகுப்பறையை நினைத்துவிட வேண்டாம். டிஎம்வி உரிமம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. விளம்பரத்தை நம்பாமல் அங்கே பார்த்து எடுப்பது நல்லது. நான் எடுத்த ஆன்லைன் பாடத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு டைமர். படித்து முடித்தாலும் அது ஓடி முடியாமல் அடுத்த பக்கம் திறக்காது, வேறு டேபுக்குப் போனால் நின்றுவிடும். குழந்தைகள் தூங்கின பிறகு சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மழையில் பிரேக் பிடித்தால் வண்டி எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பதை இந்த வயதில் மறுபடி படித்தேன். கடைசியில் ஒரு தேர்வு, கஷ்டமில்லை. முடித்ததும் பள்ளியே டிஎம்விக்கு மின்னணு முறையில் தெரிவித்துவிடும். 'சான்றிதழ் வேகமாக அனுப்ப' என்று தனியாகப் பணம் கேட்கும் பொத்தான் ஒன்று வரும், அதை அமுக்கத் தேவையில்லை. நீதிமன்றம் கொடுத்த கெடு தேதியைத் தவறவிட்டால் மட்டும் கட்டிய பணமும் போய் பாயிண்டும் திறந்துகொள்ளும்.

மனைவியின் டிக்கெட் நகரச் சாலையில், லைடார் (லேசரால் வேகம் அளக்கும் கருவி) வைத்துப் பிடித்தது. அவர், "கட்டிட்டு விடற பேச்சே இல்ல, எழுதிப் போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். கோர்ட்டுக்கு நேரில் போகாமல் எழுத்து மூலம் வாதாடும் வசதி இங்கே உண்டு, படிவம் டிஆர்-205. அபராதத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். நம் தரப்பை நாம் எழுத வேண்டும், டிக்கெட் கொடுத்தவரும் அவர் தரப்பை எழுத வேண்டும். அவர் எழுதாமல் விட்டால் பெரும்பாலும் நமக்குச் சாதகம். இந்த நம்பிக்கையில்தான் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பல நகரச் சாலைகளில் ரேடாரோ லைடாரோ வைத்துப் பிடித்தால், அந்த வேக வரம்பை நியாயப்படுத்தும் பொறியியல் ஆய்வு ஒன்று காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அடிப்படைக் கெடு ஐந்து வருடம், சில நிபந்தனைகளோடு நீளும். இல்லையென்றால் அது சட்டப்படி 'ஸ்பீட் டிராப்', அதாவது செல்லாத வேகப் பொறி. ஃப்ரீவேயின் 65 மைல் உச்ச வரம்புக்கு இந்த வாதம் செல்லாது, பள்ளிக்கூட மண்டலத்துக்கும் செல்லாது. நகர அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டோம், ஆய்வு அறிக்கையை அனுப்பிவைத்தார்கள். வரைபடம், கார்கள் போன வேகத்தின் அட்டவணை, பொறியாளர் கையெழுத்து எல்லாம் கச்சிதம், தேதியும் செல்லுபடியில்தான் இருந்தது. சரி, பகல் வெளிச்சம், காய்ந்த சாலை, வண்டிகள் குறைவு, அந்த நிலைமைக்கு அந்த வேகம் பாதுகாப்பானதுதான் என்று எழுதினோம். அதிகாரியும் எழுதியிருந்தார். தோற்றோம்.

தோற்றவர்கள் 20 நாளுக்குள் டிஆர்-220 படிவம் போட்டுப் புதிய விசாரணை கேட்கலாம், நேரில் போகலாம். நாங்கள் கேட்கவில்லை. ஏனென்றால், குற்றம் என்று முடிவானால் டிராஃபிக் ஸ்கூலுக்கு அனுமதிக்கும்படி வாதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தோம். அது நீதிபதியின் விருப்பம்தான், ஆனால் கொடுத்தார்கள். எழுதிப் போட நினைப்பவர்கள் அந்த ஒரு வரியை மறக்காதீர்கள். மற்றபடி இந்த வழி ஆய்வு அறிக்கை காலாவதியான இடத்தில் பலமானது, மற்ற இடங்களில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஃப்ரீவே டிக்கெட்டுக்கு நான் மெனக்கெட மாட்டேன்.

இப்போது அந்த வேறு கதை. இரண்டு டிக்கெட்டும் மறைந்தாகிவிட்டது. அடுத்த ரெனிவல் வந்தது, பிரீமியம் ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது. "ஸ்கூல்தான் முடிச்சாச்சே, அப்புறம் எதுக்கு ஏறுது?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். உங்கள் பதிவில் எதுவும் தெரியவில்லை, இது எல்லோருக்கும் ஏறிய ஏற்றம் என்றார். முதலில் நம்பவில்லை, பிறகு பார்த்தால் உண்மைதான். 1988இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த புரொபசிஷன் 103 சட்டப்படி, இங்கே கட்டணத்தை ஏற்ற மாநில இன்சூரன்ஸ் ஆணையரின் அனுமதி வேண்டும். கரோனா காலத்தில் நீண்ட நாள் அனுமதி கிடைக்காமல் தேங்கியது, பிறகு அடுத்தடுத்து வந்தது. நாடு முழுவதும் இதே நிலைதான். அமெரிக்க விலைவாசிக் குறியீட்டில் 2024 ஏப்ரலில் வாகனக் காப்பீடு ஒரே வருடத்தில் 22.6 சதவீதம் ஏறியிருந்தது. இப்போதெல்லாம் பம்பரில் சென்சார், முன்கண்ணாடியில் கேமரா. கண்ணாடியில் விரிசல் விட்டு மாற்றினால் கேமராவை மறுபடி அளவீடு செய்ய வேண்டும், அதற்குத் தனி பில். உதிரிபாகம், மெக்கானிக் கூலி, மருத்துவச் செலவு என எல்லாமும் சேர்ந்து நம் தலையில் இறங்குகிறது. போதாததற்கு 2025 ஜனவரி 1 முதல் இங்கே குறைந்தபட்ச லயபிலிட்டியும் (நம்மால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான கவரேஜ்) உயர்ந்திருக்கிறது: ஒருவர் காயம், ஒரு விபத்தில் எல்லோர் காயமும், சொத்துச் சேதம் என்ற வரிசையில் 15/30/5 ஆயிரம் டாலராக இருந்தது 30/60/15 ஆயிரம் ஆனது.

இது தெரிந்த பிறகுதான் டிக்கெட்டைத் திட்டுவதை விட்டுவிட்டு பாலிசியை வரி வரியாகப் படித்தேன். புரொபசிஷன் 103 மூன்று விஷயங்களுக்கு முதல் எடை கொடுக்கச் சொல்கிறது: ஓட்டுநர் பதிவு, வருடத்துக்கு ஓட்டும் தூரம், ஓட்டிய அனுபவ வருடங்கள். கிரெடிட் ஸ்கோரை இங்கே பார்க்கக் கூடாது. எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டாவது. பாலிசி எடுத்தபோது தினமும் ஆபீஸ் போய் வந்ததை வைத்து எழுதிய மைல் கணக்கு அப்படியே கிடந்தது. இப்போது பாதி நாள் வீட்டிலிருந்து வேலை. ஓடோமீட்டரைப் படமெடுத்து, பழைய ஆயில் சேஞ்ச் ரசீதுகளில் இருந்த மைலேஜோடு சேர்த்து அனுப்பினேன். அடுத்த ரெனிவலில் குறைந்தது. வாரத்தில் ஐந்து நாளும் வரச் சொன்னால் திரும்ப ஏறும், அதையும் நாமே தெரிவிக்க வேண்டும்.

மற்ற மாநிலங்களில் இருக்கும் நண்பர்கள் செல்போனில் போடும் டிரைவிங் ஆப் பற்றிச் சொல்வார்கள், திடீர் பிரேக் போட்டால் மதிப்பெண் குறையும் என்று. கலிபோர்னியாவில் அப்படிப்பட்ட கருவியை ஓட்டும் தூரத்தைச் சரிபார்க்க மட்டும்தான் பயன்படுத்தலாம். எனக்கு இது பிடித்த விதி. குறுக்கே நாய் ஓடினால் பிரேக் போடத்தானே வேண்டும். ஆப் போடாவிட்டாலும் காரே உளவு சொல்லும் காலம் இது. ஜெனரல் மோட்டார்ஸ் ஓட்டுநர்களின் தகவலை இப்படி விற்றது என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தகவல் திரட்டித் தரும் லெக்சிஸ்நெக்சிஸிடம் இலவசமாக அறிக்கை கேட்டு வாங்கலாம். டிஎம்வியில் உங்கள் ஓட்டுநர் பதிவை ஆன்லைனில் எடுக்க 2 டாலர்தான். கம்பெனி மாறுவதற்கு முன் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

கம்பெனி மாற்றிப் பார்த்ததில் எனக்குக் கலவையான அனுபவம். முதலில் சொல்லும் விலை அழகாக இருக்கும், பதிவுகளை எடுத்துப் பார்த்த பிறகு ஏறும். ஒரே கவரேஜை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் குறைந்தது விலையா பாதுகாப்பா என்றே தெரியாது. சேதம் வந்தால் முதலில் நம் கையிலிருந்து கட்டும் டிடக்டிபிளை 500 டாலரிலிருந்து 1000 ஆக்கினோம், பழைய காருக்கு கொலிஷனை (மோதலில் நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான கவரேஜ்) எடுத்துவிட்டோம். லயபிலிட்டியையும் இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் கைகொடுக்கும் கவரேஜையும் தொடவில்லை. புது எலெக்ட்ரிக் கார் ஒன்றின் பின்புறத்தை நசுக்கினால் 15 ஆயிரம் டாலர் எந்த மூலைக்கு? வேலை, பட்டப்படிப்பு பார்த்துச் சில கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். ஊரிலிருந்து வந்து இங்கே லைசென்ஸ் எடுத்த அப்பா அம்மா 55 வயதைத் தாண்டியிருந்தால் அவர்களுக்கென்று ஒரு பாடம் உண்டு, அதற்கும் தள்ளுபடி.

சான் பிரான்சிஸ்கோவில் 2025இல் வந்த வேகக் கேமராக்களைப் பற்றி நிறையப் பேர் பயந்து கேட்கிறார்கள். வரம்பைவிட 11 மைல் கூடினால் 50 டாலரில் தொடங்கும். அது சிவில் அபராதம், பாயிண்ட் கிடையாது. அதற்கு டிராஃபிக் ஸ்கூல் தேடி அலைய வேண்டாம்.

என் மகளுக்கு அடுத்த வருடம் பதினைந்தரை வயது, பர்மிட் எடுக்கத் துடிக்கிறாள். புரொபசிஷன் 103 சொல்லும் மூன்றாவது விஷயமான அனுபவ வருடங்கள் அவளுக்குப் பூஜ்ஜியம். லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகும்வரை குட் டிரைவர் தள்ளுபடியும் அவளுக்குக் கிடையாது. ஆண் பெண் பார்த்து விலை வைப்பதை 2019இலிருந்து இங்கே தடை செய்துவிட்டார்கள் என்பதால் பெண் பிள்ளை என்ற சலுகையையும் எதிர்பார்க்க முடியாது. நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்களுக்குத் தள்ளுபடி உண்டா, எவ்வளவு என்று இப்போதே மூன்று கம்பெனியில் கேட்டு வைத்திருக்கிறேன்.