ஆளுயரக் கேக்டஸ் வாங்கும் முன் அதன் அடியைப் பாருங்கள்

வீட்டுக்குள் வைக்கப் பெரிய கேக்டஸ் வாங்கப் போகிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு விற்கப்பட்டது வேரே இல்லாத ஒரு துண்டு.

தூண் போல நிமிர்ந்து வளரும் செரியஸ் வகை ஒன்றை ஜன்னலோரம் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சிறு செடி வீட்டுக்குள் ஆளுயரம் வளரப் பல வருடங்கள் ஆகும் என்பதால் பெரிதாகவே தேடினேன். ஒருவர் ஆறடிச் செடி ஒன்றைக் காட்டினார். "பல வருஷமா இதே தொட்டியிலதான் இருக்கு, நல்லா வேர் பிடிச்ச செடி" என்றார். மண்ணின் மேல் வெள்ளைக் கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. நானும் அழகுக்காக என்றே நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் செடி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. வெளிச்சத்தை நோக்கி வளைகிறதாக்கும் என்று தொட்டியைத் திருப்பி வைத்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் ஜன்னல் கம்பியில் சாய்ந்து நிற்கிறது. அடித்தண்டை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது, அழுகல் வாடை. கூழாங்கற்களை நீக்கப் பார்த்தேன், வரவில்லை. பசையால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தார்கள். அந்த மூடிக்குக் கீழே ஈரம் காயாமல் தென்னை நார்க்கழிவு சொதசொதவென்று இருந்தது. தண்டைத் தாங்க இரண்டு குச்சிகளை உள்ளே மறைத்துச் செருகியிருந்தார்கள். இழுத்ததும் தண்டு தனியாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் கத்தியால் வெட்டிய தட்டையான முகம், அதுவும் கறுத்துப்போய். ஒரு வேர்கூட இல்லை.

விற்றவரைக் கேட்டபோது, "நீங்க தண்ணி அதிகமா விட்டுட்டீங்க" என்றார். படங்களை அனுப்பினேன். அதன்பின் பதிலே இல்லை. பணம் போனதைவிட, பழியை என் மேல் போட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கேக்டஸை வெட்டி நட்டு வளர்ப்பது தவறே இல்லை, காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் வெட்டிய முகம் வாரக்கணக்கில் காய வேண்டும், பிறகு வேர் பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே ஈர மண்ணில் செருகி, வேர் பிடித்த செடி என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

ஆகவே வாங்கும் இடத்திலேயே அடித்தண்டைத் தடித்த துணியால் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். வேர் பிடித்த செடியென்றால் மண்ணும் சேர்ந்து அசையும். தண்டு மட்டும் ஆடினால் வேண்டாம். மேலே கல் இருந்தால் விரலால் கிளறுங்கள். ஒட்டியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். அடிப்பகுதி பழுப்பாக, மரப்பட்டை போலக் கெட்டியாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது வயதின் அடையாளம். பழுப்பாகி மெத்தென்று இருந்தால்தான் அழுகல். நுனியையும் பாருங்கள். கீழே தடித்து மேலே வெளிறி ஒல்லியாகப் போயிருந்தால் இருட்டில் நின்ற செடி. அந்த ஒல்லிப் பகுதி பிறகு சரியாகாது. வெயிலில் வைத்தாலும் புது வளர்ச்சிதான் தடிக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழில் சப்பாத்திக்கள்ளியும் கள்ளிதான், சதுரக்கள்ளியும் கள்ளிதான். ஆனால் முதலாவதுதான் கேக்டஸ், இரண்டாவது யூஃபோர்பியா என்ற வேறொரு இனம். கேக்டஸ் என்று சொல்லி வீட்டுக்குள் வைக்க விற்கும் உயரமான செடிகளில் யூஃபோர்பியா இன்ஜென்ஸ், யூஃபோர்பியா ட்ரைகோனா இரண்டும் நிறைய. செடி நல்ல செடிதான், வளர்ப்பதும் சுலபம். ஆனால் கீறினால் கள்ளிப்பால் வடியும். தோல் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். குழந்தைகளும் பூனை நாய்களும் உள்ள வீட்டில் இதைச் சொல்லாமல் விற்பதை என்னால் ஏற்கவே முடியாது. அடையாளம் காணச் செடியைக் கீற வேண்டியதில்லை. கேக்டஸில் முள் கிளம்பும் ஒவ்வொரு இடத்திலும் பஞ்சுப் பொட்டு போன்ற சிறு மெத்தை இருக்கும். யூஃபோர்பியாவில் அது இருக்காது, முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும்.

என் செடியின் மேல்பாதியைக் காப்பாற்ற முடிந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, நடுவில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத சுத்தமான சதை வரும் வரை வெட்டினேன். படுக்கவைத்தால் வளையும் என்பதால் நிழலில் நிமிர்த்தியே காயவைத்தேன். ஒரு மாதம் கழித்து, சரளை அதிகம் கலந்த உலர்ந்த மண்ணில் நட்டுக் கம்போடு கட்டினேன். இப்போது மூன்றடிதான். ஆனால் அசைத்தால் மண்ணோடு சேர்ந்து அசைகிறது, போன வாரம் நுனியில் புது முட்கள் வந்திருக்கின்றன.