முதல் யுகுலேலே: கலா கேஏ-15 எப்படி?

கித்தார் போன்ற சிறிய நான்கு தந்திக் கருவியான யுகுலேலேயைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு கலா நிறுவனத்தின் கேஏ-15 வரிசையைத் தயங்காமல் சொல்லலாம். உடல் முழுக்க மஹோகனி லேமினேட், அதாவது மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிய பலகை. முழுமரத்தின் ஆழமான ஒலி இதில் வராது. ஆனால் காற்று வறண்டாலோ ஈரமானாலோ எளிதில் வெடிக்காது. முதல் கருவிக்கு அதுதான் முக்கியம். தந்தியை முறுக்கும் முடுக்கிகள் பல்சக்கர வகை, சுருதியை நுணுக்கமாகச் சேர்க்க முடிகிறது.

அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிறிய அளவான சோப்ரானோவில் தந்தி நீளம் சுமார் 13 அங்குலம், அதற்கு அடுத்த அளவான கான்செர்ட்டில் 15. விரல் தடிமனானவர்களுக்கு சோப்ரானோவில் டி கார்டு (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) நெருக்கியடிக்கும், கான்செர்ட்டே நல்லது. பெரிய அளவான பாரிடோன் வேண்டாம், அதன் சுருதியே வேறு.

எந்த மாடலானாலும் கையில் வந்ததும் நட்டைச் சோதியுங்கள்; கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பள்ளங்களில் தங்கும் சிறு பட்டைதான் அது. ஒரு தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே பாருங்கள். தாள் நுழையும் இடைவெளி போதும். அதிகமிருந்தால் நட்டின் பள்ளம் ஆழமாக வெட்டப்படவில்லை. அப்போது ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். எஃப் கார்டு சுருதி விலகி ஒலிக்கும், விரலும் வலிக்கும். தவறு உங்கள் கையில் இல்லை! பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பள்ளத்தை அராவச் சொல்லுங்கள்.

பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) ஒன்றுகிறதா என்று சுருதி காட்டும் ட்யூனரில் பாருங்கள். விலகல் காதுக்கே தெரிந்தால் மாற்றி வாங்குங்கள்.

புதுத் தந்திகள் சில நாட்களுக்கு இளகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஜி, சி, ஈ, ஏ என நான்கு தந்திகளுக்கும் சுருதி சேர்த்துவிட்டு வாசியுங்கள்.