வாரம் ஒருநாள் மாத்திரையா, சீனக் கொடியா?

மார்த்தாண்டத்தில் என் மாமிக்கு முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது. தேங்காய் திருவ ஒரு மணி நேரம் காத்திருக்கணும். யாரோ சீன மூலிகை கேப்ஸ்யூல் கொடுக்க, "இது நல்லதா மக்களே?" என்று கேட்டார்.

அழற்சி உள்ள மூட்டில் நோய் எதிர்ப்பு செல்கள் கொதும்புத் தீ மாதிரி குளுக்கோஸை மளமளவென எரிக்கும். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின், சிரட்டைக் கனல் போன்ற நிதான எரிப்பு பின்தங்கிவிடும்.

முடக்குவாதத்துக்கு டாக்டர்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அழற்சியைத் தணிக்கும் அடினோசின் என்ற பொருளைக் கூட்டி அந்தச் செல்களை அடக்குகிறது. வாரம் ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மாமியின் காலண்டரில் வியாழக்கிழமைகளை வட்டமிட்டு வைத்திருக்கிறேன். கூடவே ஃபோலிக் அமிலம், கல்லீரல், ரத்தப் பரிசோதனை.

முடக்குவாதத்துக்குச் சீனாவில் தரும் மூலிகையான லெய் கோங் தெங் கொடியை லேசாக நினைக்கக் கூடாது. 2014-ல் வெளியான, 207 பேர் பங்கேற்ற சீன ஆய்வில் அது மெத்தோட்ரெக்சேட்டுக்குச் சளைக்கவில்லை. ஆனால் இலை, பூ, வேரின் தோல் எல்லாம் நஞ்சு. மாதவிடாய் நின்றுபோகலாம், ஆண்களுக்கு விந்தணு குறையலாம், சிறுநீரகமும் கெடலாம். அதைவிட, மாமியின் குப்பியில் எந்த மூலிகை, எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை.

நான் மாத்திரை பக்கம்தான். குப்பியை டாக்டரிடம் காட்டும்வரை திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.