எட்டால் வகுப்பதா, பத்தால் வகுப்பதா?

சேலம் ஐந்து ரோட்டில் ஒரு ஸ்டுடியோ, 6 ஜிகாபைட் கல்யாண வீடியோவை ஏற்காட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். எவ்வளவு நேரம் ஆகும்?

8 பிட் ஒரு பைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், 8 நிமிடம். வகுத்தல் சரிதான். ஆனால் கம்பியில் ஓடுவது கோப்பு மட்டுமல்ல. ஈதர்நெட்டில், அதாவது கம்பிவழி வலையமைப்பில், தரவு சிறு பொட்டலங்களாகப் போகிறது; ஒரு முழுப் பொட்டலம், தலைப்புகளும் இடைவெளியும் சேர்த்து, 1538 பைட் இடத்தை அடைக்கிறது. டிசிபி (தரவு விடுபடாமல் போய்ச்சேர்வதை உறுதிசெய்யும் விதிமுறை) வழியே அதில் நம் தரவு அதிகபட்சம் 1460 பைட்தான். ஏறத்தாழ 5 சதவீதம் அங்கேயே கழிந்து, நிற்பது நொடிக்குச் சுமார் 11.9 மெகாபைட். போதாக்குறைக்கு, விண்டோஸ் 1024 மடங்கில் எண்ணுவதால் அது 6 ஜிபி என்று காட்டும் கோப்பு உண்மையில் சுமார் 6,442 மெகாபைட். நேரம் 9 நிமிடத்தைத் தொடுகிறது.

எட்டுக்குப் பதில் பத்தால் வகுத்தால் நொடிக்கு 10 மெகாபைட், 10 நிமிடம். துல்லியம் குறைவு, ஆனால் மேற்சொன்ன கழிவுகளையெல்லாம் இது தாங்கிக்கொள்கிறது. காத்திருப்பவரிடம் நேரம் சொல்ல நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். நடுவில் வைஃபை இருந்தால் இதுவும் போதாமல் போகலாம்.

இணைப்புத் திட்டங்களை ஒப்பிடும்போதும், ரூட்டரில் வேக வரம்பு வைக்கும்போதும் எட்டை விடவே கூடாது.