ஃபோல்கர் கிரீகல்: முதலில் எந்த ரெக்கார்ட்?

ஜெர்மன் ஜாஸ்-ராக் கிட்டாரில் ஃபோல்கர் கிரீகல் பெயரைத் தேடிப் போகிறவர் முன்னால் ஐந்தாறு கதவுகள் நிற்கும். டேவ் பைக் செட்டில் அவர் சித்தார் வாசித்த பதிவு ஒன்று. நால்வர் குழுவோடு 1971இல் செய்த ‘ஸ்பெக்ட்ரம்’ இன்னொன்று. அடுத்த ஆண்டு இரண்டு இசைத்தட்டாக வந்த இரட்டை எல்பி ‘மிஸ்ஸிங் லிங்க்’. பிறகு ‘லிஃப்ட்!’, அவருடைய மைல்ட் மேனியாக் ஆர்க்கெஸ்ட்ராவின் ரெக்கார்டுகள், யுனைட்டட் ஜாஸ் பிளஸ் ராக் ஆன்சாம்பிளின் நேரடிப் பதிவு. எல்லாமே நல்லவைதான். ஆனால் முதல் கதவு தவறினால் கிரீகலைக் கேட்காமலேயே கிரீகலைக் கேட்டுவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுவோம். காரணம், கூட்டம் பெருகப் பெருக அவர் பின்னுக்குப் போய்விடுகிற ஆள். தன் பெயர் போட்ட ரெக்கார்டிலேயே மற்றவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பார்.

1943 டிசம்பர் 24இல் டார்ம்ஷ்டாட்டில் பிறந்தவர். கிட்டார் தானே கற்றுக்கொண்டது. ஃபிராங்க்ஃபர்ட்டில் சமூகவியலும் உளவியலும் படிக்கப் போய், அங்கிருந்த மாங்கெல்ஸ்டார்ஃப் சகோதரர்களின் ஜாஸ் வட்டத்தில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே இசைக்கு வந்துவிட்டார். கேலிச்சித்திரம் வரைந்தார், எழுதினார், டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 2003 ஜூன் 14இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் இறந்தார். கேலிச்சித்திரக்காரர் என்பதை ஒரு துணுக்குத் தகவலாகத் தள்ளிவிட வேண்டாம். நாலு கோட்டில் ஒரு முகத்தைக் கொண்டுவருகிற அந்தச் சிக்கனம்தான் அவர் கிட்டாரிலும் இருக்கிறது.

டேவ் பைக் செட்டா, சொந்தக் குழுவா?

உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வைப்ரஃபோனின் அமெரிக்கக் கலைஞர் டேவ் பைக் ஜெர்மனியில் இருந்த காலத்தில், 1968இல், கிரீகல் அவரோடு சேர்ந்தார். தாழ்ந்த ஸ்தாயி வாத்தியமான பேஸில் ரெட்டன்பாகர், டிரம்ஸில் பீட்டர் பௌமைஸ்டர். 1969இல் வந்த ‘நாய்ஸி சைலன்ஸ் – ஜென்டில் நாய்ஸ்’ ஆல்பத்தில் ‘மாதர்’ என்ற கிரீகலின் பாட்டு இருக்கிறது. அதில் அவர் எடுத்தது சித்தார். 1994இல் பிரிட்டிஷ் ராக் பாடகர் பால் வெல்லர் பங்கேற்ற ‘இந்தியன் வைப்ஸ்’ இதே பாட்டைப் புதிதாகச் செய்து நடன அரங்குகளுக்குக் கொண்டுபோனது. இன்று கிரீகல் பெயர் பலருக்கு அறிமுகமாவது இந்த வழியில்தான்.

ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. சித்தாரின் உயிர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைப்பதில் இருக்கிறது. அதற்காகத்தான் அதன் மெட்டுகள், அதாவது விரல் வைக்கிற உலோகப் படிகள், வளைந்தும் உயர்ந்தும் நிற்கின்றன. ‘மாதர்’ அந்த வழியில் போகவில்லை. ஒரு சின்னச் சொற்றொடர், திரும்பத் திரும்ப வருகிறது. கீழே டிரம்ஸும் பேஸும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. சித்தாரின் கையில் கிட்டார் ரிஃப் ஒன்றைக் கொடுத்ததுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆலாபனை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். தாளக்கட்டின் மேல் தந்தியின் ரீங்காரம் என்ன செய்கிறது என்று கேட்டால் பாட்டு நன்றாகவே பிடிக்கும்.

இந்தக் குழுவில் கிட்டாரைக் கேட்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. பியானோ கிடையாது. கார்டு, அதாவது பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில், வாசிக்கக் கூடியவை வைப்ரஃபோன், கிட்டார் இரண்டும்தான். இரண்டும் நடு ஸ்தாயியில் வாழ்கிற வாத்தியங்கள். வழக்கமான மூன்று ஸ்தாயி வைப்ரஃபோன் தொடங்குகிற இடமே கிட்டாரின் நடுப்பகுதி. ஒரே நேரத்தில் இருவரும் கார்டு வாசித்தால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து எதுவும் தெளியாது. வைப்ரஃபோனில் கேரி பர்ட்டனும் கிட்டாரில் லாரி கோரியலும் 1967இல் அமெரிக்காவில் சந்தித்த அதே கேள்விதான் இது. இங்கே விடை பெரும்பாலும் ஒதுங்குவதில் இருக்கிறது: பைக் ஓடும்போது கிரீகல் ஓரிரண்டு ஸ்வரங்களைக் குத்திவிட்டு நிற்பார், கிட்டார் ஒலியின் நிறத்தைக் காலால் மாற்றுகிற வா-வா பெடலை வைத்துத் தாளத்துக்கு உதவுவார். அந்தத் துணைவாசிப்பு அருமை. ஆனால் அது பைக்கின் ரெக்கார்ட்; கிரீகல் அங்கே இரண்டாம் நாற்காலி. முதல் கதவாக வேண்டாம், மூன்றாவதாக வைக்கலாம்.

‘ஸ்பெக்ட்ரம்’ எதிர் ‘மிஸ்ஸிங் லிங்க்’

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டும் கருங்காட்டுப் பகுதியில் ஃபில்லிங்கன் ஊரிலிருந்து வந்த எம்.பி.எஸ். வெளியீடுகள். ஹான்ஸ் கேயோர்க் புருன்னர்-ஷ்வேர், சாபா ரேடியோ கம்பெனியின் ரெக்கார்ட் பிரிவிலிருந்து 1968இல் தனியாக எடுத்து நடத்திய லேபிள் அது. ஒலியின் சுத்தத்துக்குப் பேர்போனது. ஆக, பதிவின் தரத்தைக் காரணம் காட்டி ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டியதில்லை. வேறுபாடு ஆள்கணக்கில்.

‘ஸ்பெக்ட்ரத்தில்’ நாலு பேர். கிரீகல், எலக்ட்ரிக் பியானோவில் இங்கிலாந்தின் ஜான் டெய்லர், பேஸிலும் செல்லோவிலும் பீட்டர் டிரங்க், டிரம்ஸில் டச்சுக்காரர் சேஸ் சே. ‘மிஸ்ஸிங் லிங்க்’ ஒரு படை: டெய்லர் மீண்டும் உண்டு, எபர்ஹார்ட் வேபர் பேஸ், ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டார்ஃப் டிராம்போன், ஆலன் ஸ்கிட்மோர், ஹைன்ஸ் சாவர் இருவரும் சாக்ஸ், டிரம்ஸ் பக்கம் ஜான் மார்ஷல், பௌமைஸ்டர், சேஸ் சே. மார்ஷல் நியூக்ளியஸ் என்ற பிரிட்டிஷ் ஜாஸ்-ராக் குழுவில் வாசித்தவர், அந்த 1972இலேயே சாஃப்ட் மெஷின் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவுக்குப் போனவர். ராக்கின் எடை அவர் கையில் இருந்தது.

‘மிஸ்ஸிங் லிங்க்’ நான்கு பக்கங்களில் என்னென்ன செய்ய முடியும் என்று காட்டுகிறது. ஊதுகருவிகள் சேர்ந்து எழும்போது ஒரு நகரமே நகர்ந்து வருவதுபோல இருக்கும். கிரீகலின் இசையமைப்புத் திறன் தெரிய வேண்டுமென்றால் இதுதான் சான்று. ஆனால் இந்த ஆட்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே குழு நடத்தக் கூடியவர்கள். ஒவ்வொருவருக்கும் தனி வாசிப்புக்கு இடம் கொடுத்தால் கிட்டாருக்கு மிஞ்சுவது கொஞ்சம். புதியவர் முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு சாக்ஸ்களை நினைவில் வைத்துக்கொண்டு எழுந்து போவார்.

‘ஸ்பெக்ட்ரத்தில்’ ஒளிய இடமில்லை. ‘ஜூம்’ என்ற முதல் பாட்டிலிருந்தே கிட்டாருக்கு ஒரே ஒரு துணைதான்: டெய்லரின் எலக்ட்ரிக் பியானோ. அதன் ஒலி மணிபோல ஆரம்பித்து வட்டமாகக் கரைகிறது. தந்தியை பிளெக்ட்ரம் என்கிற சிறு தகட்டால் சுண்டும்போது வருகிற கூர்மை அதன் மேல் தனியாகத் தெரியும். டேவ் பைக் செட்டில் இருந்த நெரிசல் இங்கே தீர்ந்துவிடுகிறது. இரண்டும் இன்னும் நடு ஸ்தாயிதான், ஆனால் ஒலியின் நிறம் வேறு, ஒலி தேயும் வேகம் வேறு.

கேட்கும் முறை ஒன்று சொல்கிறோம். முதல் தடவை டிரங்கின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஒற்றைப்படைத் தாளங்கள் வருகிற இடத்தில் எண்ணிக்கை தவறினாலும் பேஸ் எங்கே ஆரம்பத்துக்குத் திரும்புகிறது என்று பிடித்துக்கொண்டால் போதும். இரண்டாம் தடவை கிட்டார். அப்போது கிரீகல் எங்கே நிறுத்துகிறார் என்று கவனியுங்கள், எங்கே ஓடுகிறார் என்றல்ல. ஒரு சொற்றொடரை முடித்துவிட்டு டெய்லர் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். அதே 1971இல் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தன் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவோடு வேகத்தாலும் சத்தத்தாலும் மலைக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் கிரீகல் மந்தமாகத் தோன்றுவார். அந்த அளவுகோலே இங்கே பொருந்தாது. இவர் பாட்டைக் கட்டுகிறவர், அடுத்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே வாசிக்கிறவர்.

வா-வா பெடலை அவர் கையாளும் விதமும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது. அந்தப் பெடல் ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸிலிருந்து 2000 ஹெர்ட்ஸ்வரை ஒலியின் ஒரு மேட்டைக் காலால் நகர்த்துகிறது. குதிகாலை அழுத்தினால் ‘ஊ’, முன்பாதத்தை அழுத்தினால் ‘ஆ’. ராக் கிட்டாரில் பலரும் தனி வாசிப்பில் அழுகுரலுக்காக இதை மிதிப்பார்கள். கிரீகல் கார்டுகளுக்கு மிதிப்பார், அதுவும் தாளத்தோடு சேர்த்து. அப்போது கிட்டார் பாதி டிரம்ஸ் ஆகிவிடுகிறது.

டிரங்க் 1973இன் கடைசி நாளில் நியூயார்க்கில் விபத்தில் இறந்துபோனார். இந்த நால்வர் கூட்டணியை மறுபடி கேட்க வழியில்லாமல் போயிற்று. முதல் இடம் ‘ஸ்பெக்ட்ரத்துக்கு’ என்பதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

மற்றவை

‘லிஃப்ட்!’ 1973. போலந்து வயலின் கலைஞர் ஸ்பிக்னியேவ் சைஃபர்ட்டும் சாக்ஸில் ஸ்டான் சுல்ஸ்மனும் இருக்கிறார்கள். வயலின் பிடித்தவர்களுக்கு ‘ஸ்பெக்ட்ரம்’ முடிந்த கையோடு இது. சைஃபர்ட் 1979இல், முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார். அவர் வாசித்தது எதுவாக இருந்தாலும் கேட்டுவிட வேண்டும்.

மைல்ட் மேனியாக் ஆர்க்கெஸ்ட்ராவின் ‘எலாஸ்டிக் மெனு’, ‘ஹவுஸ்-போட்’ போன்றவை எழுபதுகளின் பிற்பகுதி. தாமஸ் பெட்டர்மன் கீபோர்டு, ஹான்ஸ் பீட்டர் ஷ்ட்ரோயர் பேஸ், ஏவர்ட் ஃபிராட்டர்மன் டிரம்ஸ். மெட்டு முன்னால் வருகிறது, முரட்டுத்தனம் குறைகிறது. காரில் போட்டுக்கொள்ள இதுதான் வசதி, ஆனால் 1971இன் துணிச்சலை இதில் தேட வேண்டாம்.

யுனைட்டட் ஜாஸ் பிளஸ் ராக் ஆன்சாம்பிள் தனிக் கதை. 1975இல் ஷ்டுட்கார்ட்டில் தென்ஜெர்மன் ஒலிபரப்பின் இளைஞர் நிகழ்ச்சி ஒன்றுக்காக வெர்னர் ஷ்ரெட்ஸ்மையர் சேர்த்த குழு. வொல்ஃப்காங் டௌனர், மாங்கெல்ஸ்டார்ஃப், எபர்ஹார்ட் வேபர், பார்பரா தாம்சன், ஜான் ஹைஸ்மன், இயன் கார், ஆக் ஃபான் ரோயன், சார்லி மரியானோ, கிரீகல். ஆளாளுக்குத் தனிக் குழு வைத்திருந்ததால் ‘தலைவர்களின் குழு’ என்றே பெயர் வந்தது. ஷ்டுட்கார்ட்டின் ஷ்யூட்ஸன்ஹவுஸில் பதிவு செய்த 1977 நேரடி ஆல்பத்தைக் கலைஞர்களே தொடங்கிய மூட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. ஜெர்மனியில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் ரெக்கார்டுகளில் அதுவும் ஒன்று.

அந்த விற்பனையைப் பார்த்து அதை முதல் கதவாக்கிவிடக் கூடாது. ஒன்பது பேர், அதில் ஐவர் ஊதுகருவிக்காரர்கள். கிட்டார் அங்கே சுவருக்குள் இருக்கிற கம்பி. எடுத்துவிட்டால் சுவர் விழும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கிரீகலின் இதர ரெக்கார்டுகள் நாலைந்து கேட்டபின் இதைப் போட்டால் அந்தக் கம்பி தானாகவே காதில் விழ ஆரம்பிக்கும். சார்லி மரியானோவைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: இந்த அமெரிக்க சாக்ஸ் கலைஞர் நாகஸ்வரம் கற்று வாசித்தவர். ஜெர்மனியின் எம்ப்ரியோ குழுவோடு 1973இல் செய்த ‘வீ கீப் ஆன்’ ரெக்கார்டில் அதைக் கேட்கலாம்.

வாங்கும்போது, தேடும்போது

பெயர்க் குழப்பங்களால்தான் பணமும் நேரமும் அதிகம் வீணாகிறது. ‘ஸ்பெக்ட்ரம்’ என்று மட்டும் தேடினால் முதலில் வந்து நிற்பது டிரம்ஸ் கலைஞர் பில்லி கோபாமின் 1973 ஆல்பம். போதாக்குறைக்கு கிரீகல் வேபரோடும் ரைனர் புருனிங்ஹௌஸோடும் நடத்திய குழுவுக்கும் அதே பெயர். அதனால் கிரீகலின் பெயரையும் 1971ஐயும் சேர்த்தே தேடுங்கள். ‘மிஸ்ஸிங் லிங்க்’ சில இடங்களில் ‘இன்சைட்: மிஸ்ஸிங் லிங்க்’ என்று பதிவாகியிருக்கும், இரண்டும் ஒன்றே. ‘மைல்ட் மேனியாக்’ என்பது 1974 ஆல்பம். அந்தப் பெயரில் ஆர்க்கெஸ்ட்ரா அமைந்தது இரண்டு ஆண்டு கழித்து. அவருடைய 1968 முதல் ரெக்கார்டின் தலைப்பு பீட்டில்ஸ் பாட்டு ஒன்றின் பெயர், ஆகவே தலைப்பை மட்டும் கொடுத்தால் கிரீகல் வரவே மாட்டார்.

பழைய எல்பி எடுப்பவர்கள் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். 33⅓ சுற்று வேகத்தில் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்ட வேண்டியிருப்பதால், தேய்ந்த ஊசியால் பலமுறை ஓட்டிய தட்டு முதலில் கெடுவது அங்கேதான். அடையாளம் எளிது: டிரம்ஸோடு வருகிற உலோகத் தட்டான சிம்பல் ‘ஷ்ஷ்’ என்று இழுக்கும், வா-வா கிட்டார் மேலே போகிற இடத்தில் ஒலி கிழியும். தூசியானால் கழுவினால் போகும். இந்தக் கிழிசல் எவ்வளவு கழுவினாலும் போகாது.

இணையத்தில் கேட்கிறவர்களுக்கு இரட்டை எல்பியில் வேறு தொல்லை. நான்கு பக்கங்கள் ஒரே ஓட்டமாக வந்துவிடும். தட்டைத் திருப்புகிற இடைவெளி இல்லாததால் மூன்றாவது பக்கம் வருவதற்குள் காது சோர்ந்துவிடுகிறது, பழி இசையின் மேல் விழுகிறது. எல்பி லேபிளின் படத்தை எடுத்து எந்தப் பாட்டோடு பக்கம் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘மிஸ்ஸிங் லிங்க்கை’ ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று நாலு நாள் கேட்டால் போதும்.