ஜப்பான் ரயில் பாஸ்: அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். டோக்கியோவில் பிள்ளை வீட்டில் தங்கி, நடுவில் கியோட்டோவுக்கு ஒரு நடை போய்வருவதுதான் திட்டமென்றால், ஏழு நாளும் இஷ்டத்துக்கு ரயிலேற விடுகிற ஜப்பான் ரயில் பாஸ் காசைக் கரியாக்குகிற வேலை. கணக்கு டீச்சர் என்பதால் கணக்கோடு சொல்கிறேன்.

நான் இருப்பது டோக்கியோவின் கிழக்குப் பக்கம், நிஷி-கசாயில். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற பேட்டை. வேலை ஓர் இந்தியப் பள்ளியில். மார்ச் கடைசியில் ஆண்டு முடிந்து ஏப்ரலில் புது வகுப்பு தொடங்குவதற்குள் கிடைக்கிற லீவுதான் ஊர் சுற்ற எங்களுக்கு வாய்ப்பு. சகுரா பூக்கிற நேரமும் அதுவேதான், அதனால் கியோட்டோவில் ரூம் வாடகை கண்ணைக் கட்டும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை வருகிற கோல்டன் வீக் விடுமுறை இதைவிடக் கொடுமை. அப்போது பெற்றோரைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள்.

அப்பா மதுரைக் கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயர் ஆனவர். விருதுநகரிலிருந்து காசிக்குப் போனாலும் சரி, கொல்லத்துக்குப் போனாலும் சரி, எங்கள் வீட்டில் காசு கொடுத்து ரயில் டிக்கெட் எடுத்த பேச்சே கிடையாது. ரயில்வே பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம். அவரிடம் போய் "ஜப்பானில் ரயில் பாஸ் இருக்கிறது, ஆனால் நாம் எடுக்கப்போவதில்லை" என்றால் எப்படி இருக்கும்? ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் வேறு, "ஜப்பான் போறவங்க எல்லாரும் இதத்தான் சார் எடுப்பாங்க" என்று ஏற்றிவிட்டிருந்தார். போனில் அப்பா, "அவனே சொல்றான்ல, எடுத்துருவோம்மா" என்று ஒரே பிடி.

அந்த டிராவல்ஸ்காரர் சொன்னதும் ஒரு காலத்தில் உண்மைதான். 2023 அக்டோபருக்கு முன் ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஹிகாரி என்கிற புல்லட் ரயிலில் முன்பதிவு இருக்கை ஒரு வழிக்கு 13,850 யென். போக வர 27,700. கியோட்டோவில் இருந்தபடி பக்கத்து ஊரான நாராவுக்கும் ஃபுஷிமி இனாரி கோயிலுக்கும் போய்வர ஒரு 1,700 யென் வைத்துக்கொண்டால் 29,400. பழைய பாஸ் விலையும் இந்தத் தொகையும் அக்காள் தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன பாருங்கள். நரிட்டா விமான நிலைய ரயிலையும் சேர்த்தால் பாஸ் லாபம். அதனால்தான் அந்தக் காலத்தில் வந்துபோனவர்கள் எல்லோரும் இன்னும் "பாஸ் எடு, பாஸ் எடு" என்கிறார்கள்.

2023 அக்டோபரில் அதே பாஸ் ஒரே தாவலில் 50,000 யென் ஆனது. பதினான்கு நாள் 80,000, இருபத்தொரு நாள் ஒரு லட்சம். டிக்கெட் விலையோ அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆக, கியோட்டோ போய்வருகிற ஒருவருக்கு இருபதாயிரம் யென் தண்டம், இரண்டு பேருக்கு நாற்பதாயிரம். டோக்கியோவிலிருந்து நேராக ஹிரோஷிமா போய்த் திரும்பினாலும் நாற்பதாயிரத்தைத் தாண்டாது. நடுவில் கியோட்டோவில் இறங்கி, நரிட்டா ரயிலையும் மியாஜிமா தீவுக்குப் போகிற ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) படகையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் முடித்தால்தான் ஐம்பதாயிரத்தை எட்டிப் பிடிக்கலாம். அறுபத்தைந்து தாண்டியவர்களை அப்படி ஓட வைப்பதற்கு அவர்கள் ஊரிலேயே நிம்மதியாக இருக்கலாம்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. வெளிநாட்டுக்காரர்களில், இந்தப் பாஸ் தற்காலிகப் பார்வையாளர் என்று பாஸ்போர்ட்டில் முத்திரை உள்ளவர்களுக்கு மட்டும். இங்கே வேலை விசாவில், குடியிருப்பு அட்டை வைத்திருக்கிற என் போன்றவர்களுக்குக் கிடையாது. அப்பா அம்மா கையில் பாஸ், என் கையில் டிக்கெட். அவர்களுடைய இருக்கை பாஸ் தளத்தில், என்னுடையது வேறு ஆப்பில். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் அமைய இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். அதோடு, ரொம்ப வேகமான நொஸோமியில் பாஸ்காரர்கள் ஏறினால் தனிக் கட்டணம் உண்டு. கியோட்டோவுக்கு 4,960 யென், அதுவும் ஒரு வழிக்கு. ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை. கூட்டிக்கொண்டு போகப்போகிற ஆளையே விலக்கி வைக்கிற பாஸ் குடும்பத்துக்கு எதற்கு?

இன்னொன்றும் உண்டு. என் வீட்டு வாசல் ரயில் தோஸாய் லைன். அது டோக்கியோ மெட்ரோ, ஜேஆர் இல்லை, அதனால் பாஸ் செல்லாது. கியோட்டோவில் கோயில் கோயிலாகப் போவது முக்கால்வாசி நகரப் பேருந்தில், அங்கும் செல்லாது. பாஸை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, தினமும் காசு ஏற்றி வைக்கிற சுய்கா அட்டையைத்தான் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? போகும்போது கொடாமா. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், அது. 'புராட்டோ கொடாமா' என்று ஒரு சலுகைச் சீட்டு இருக்கிறது. கியோட்டோவுக்குப் பதினோராயிரம் யென் சுற்றி, தேதியைப் பொறுத்து ஏறும் இறங்கும். முந்தின நாளாவது எடுத்துவிட வேண்டும், நடுவில் இறங்கிவிட்டு அடுத்த ரயில் பிடிக்க முடியாது, குறித்த ரயிலைத் தவறவிட்டால் போனது போனதுதான். குடிக்க ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்ள ஒரு கூப்பனும் தருகிறார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விசா முத்திரையெல்லாம் கேட்பதில்லை. நொஸோமி இரண்டேகால் மணி நேரத்தில் போவதை இது மூன்றே முக்கால் மணி நேரத்தில் போகும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசியுங்கள். பெரியவர்களுக்கு இதைவிடத் தோதான ரயில் கிடையாது.

ஏனென்றால் கொடாமா நின்று நின்று போகும். பின்னால் வருகிற வேக ரயில்களுக்கு வழிவிட்டு சில ஸ்டேஷன்களில் நாலைந்து நிமிடம் ஒதுங்கி நிற்கும். அப்பாவுக்கு அதுதான் கொண்டாட்டம். பிளாட்பாரத்தில் இறங்கி நிற்பார். நடுத் தண்டவாளத்தில் நொஸோமி ஒரு வீச்சில் கடக்கும். நம் வண்டி ஒரு ஆட்டம் ஆடி அடங்கும். உடனே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "கிராஸிங்குக்கு நம்ம ஊர்ல அரை மணி நேரம் போட்ருவாம்மா, இவன் டீ ஆறுறதுக்குள்ள எடுத்துர்றான்." அம்மாவுக்கு ரயில் கிளம்பிவிடுமோ என்று பயம். "ஏங்க, ஏறுங்க, மொழி தெரியாத ஊரு" என்று ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஜன்னல் திறக்காது என்பதால் வெளியே கேட்டிருக்காது.

டிக்கெட் பரிசோதகர் வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சீட்டை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். அந்த இளைஞர் கதவருகே தொப்பியோடு குனிந்து வணங்கிவிட்டு, கையிலிருந்த கருவியைப் பார்த்தபடி எங்களைத் தாண்டிப் போனார். கேட்கவே இல்லை. எந்த இருக்கை விற்றிருக்கிறது என்று கருவி காட்டிவிடும். விற்காத இருக்கையில் ஆள் இருந்தால்தான் கேட்பார்கள் என்று விளக்கினேன். பெட்டியின் அந்தக் கோடியில் திரும்பி நின்று மறுபடி ஒரு வணக்கம். அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "டிக்கெட்டே பாக்காம வணக்கம் மட்டும் சொல்லிட்டுப் போறதுக்குச் சம்பளமா?" என்றார். அவர் காலத்தில் அன்ரிசர்வ்டு கூட்டத்தில் நீந்தி நீந்திச் சீட்டுக் கிழித்தவர், அவர் கேட்கலாம்.

இருக்கை பற்றி ஒரு வார்த்தை. ஃபுஜி மலை, கியோட்டோ போகும்போது வலப்பக்கம் தெரியும். அந்தப் பக்கம் டி, ஈ என்று இரட்டை இருக்கை. மூன்று பேர் என்றதும் கை தானாக ஏ, பி, சி வரிசைக்குப் போகும். அது கடல் பக்கம், மலை கிடையாது. அப்பா அம்மாவை டி, ஈ-யில் உட்கார வைத்து நான் அடுத்த வரிசையில் டி எடுத்துக்கொண்டேன். ஷின்-ஃபுஜி ஸ்டேஷன் நெருங்கும்போது எழுப்பிவிடுங்கள். மேகம் இருந்தால் பகவான் விட்ட வழி.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நீளம் அகலம் உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டுகிற பெட்டிக்கு ஷின்கான்செனில் பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். இல்லாமல் ஏறினால் 1,000 யென். விமானத்துக்கு என்று வாங்கிய பெரிய பெட்டி எல்லாம் இதில் அடிபடும். கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட யமாட்டோ கம்பெனியின் தக்கியூபின் கூரியரில் முந்தின நாளே விடுதிக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் ரூமுக்குப் போனபோது பெட்டி வரவேற்பில் நின்றது. கைக்கு ஒரு பை, அம்மாவின் சாப்பாட்டுக் கூடை, அவ்வளவுதான்.

அந்தக் கூடை இல்லாவிட்டால் பட்டினிதான். அம்மா சுத்த சைவம். இங்கே சூப், குழம்பு, காய் வேகவைத்த தண்ணீர் எதிலும் காத்சுவோ மீன் சீவல் போட்டு இறக்கிய தாஷி இருக்கும். புளிப்பு உமே ஊறுகாய் வைத்த சோற்று உருண்டையில்கூட மீன் தூள் கலந்த வகை உண்டு, அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும். உப்பு மட்டும் போட்ட உருண்டை நிம்மதி. டோக்காய்டோ ஷின்கான்செனில் சாதாரணப் பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனையையும் 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். கொடாமாவில் முன்பே கிடையாது. அம்மா புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டார். ஜப்பான் அரிசி குழைவு என்பதால் தயிர்சாதம் அமர்க்களம், புளியோதரை சுமார். புளியோதரைக்கு பாஸ்மதியாவது போட்டிருக்க வேண்டும் என்று இரண்டு நாள் புலம்பினார். ரயிலில் பிரித்துச் சாப்பிடுவதை யாரும் ஒன்றும் நினைப்பதில்லை, எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

திரும்பும்போது ஸ்மார்ட் ஈஎக்ஸ் ஆப்பில் மூன்று பேருக்கும் ஹிகாரி. ஒரே கணக்கில் ஆறு பேர் வரை எடுக்கலாம், நம் கார்டும் ஏற்கும். அவர்களுக்குக் க்யூஆர் படத்தைத் தாளில் அடித்துக் கொடுத்தேன். வாயிற்கதவில் அம்மா காட்டியதும் திறந்துகொண்டது.

இவ்வளவு சொல்லியும் அப்பாவுக்குப் பாஸ் ஆசை தீரவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. ஜேஆர் கிழக்கு நிறுவனம் தருகிற 'டோக்கியோ வைட் பாஸ்'. தொடர்ந்து மூன்று நாள். வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால் போதும், இங்கே குடியிருக்கிறவர்களும் வாங்கலாம். அதாவது டீச்சருக்கும் உண்டு. நிக்கோ, கவாகுச்சி ஏரி, கருய்ஸாவா மூன்றும் இதற்குள் வந்துவிடும். காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வந்து ரசம் சாப்பிடலாம், ரூம் வாடகை மிச்சம். ஒரே ஒரு நிபந்தனை, மூன்று நாளும் தூரமாகப் போக வேண்டும். ஒரு நாள் "முட்டி வலிக்குது, வீட்லயே இருக்கேன்" என்று யாராவது உட்கார்ந்துவிட்டால் லாபம் போச்சு. கவாகுச்சி ஏரிக்கு ஷின்ஜுகுவிலிருந்து நேரடியாகப் போகிற ஃபுஜி எக்ஸ்கர்ஷன் ரயில் சகுரா காலத்தில் சீக்கிரம் நிறைந்துவிடும். பாஸ் கைக்கு வந்த உடனே ஸ்டேஷன் மெஷினில் இருக்கையைப் போட்டுவிடுங்கள்; இடம் இல்லாவிட்டால் ஓத்சுகியில் வண்டி மாறிப் போகலாம்.

ஐம்பதாயிரம் யென் பாஸ் யாருக்கு? ஜப்பானில் சொந்தம் யாரும் இல்லாமல், ஒரு வாரத்தில் டோக்கியோ, கனாசாவா, ஹிரோஷிமா, ஃபுகுவோகா என்று தினம் ஒரு ஊராகப் பறக்கிற இளவட்டங்களுக்கு. அவர்களும் முதலில் ஒவ்வொரு டிக்கெட்டின் விலையையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.