சானிடைசரா, சோப்பா? வார்டில் துணைக்கு இருப்பவர்களுக்கு

மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வரும் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் துணைக்கு இருப்பார். மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் கட்டில் விட்டுக் கட்டில் தாவ முக்கிய வழி, கைதான்.

கையில் அழுக்கு தெரியாவிட்டால் சானிடைசரே மேல். ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் பாக்டீரியாவும் ஆல்கஹாலுக்குத் தப்பாது. அதன் மேலுறையும் புரதமும் சிதைந்துவிடும். ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்கட்டும். உள்ளங்கைக் குழி நிறைய எடுத்து விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி எல்லாம் பட 20–30 விநாடி, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். இரண்டு சொட்டு எடுத்து, ஈரத்தோடு முந்தானையில் துடைத்தால் கிருமி சாக நேரமே இல்லை. பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்.

ரத்தம், சளி, மலம் பட்டால் சோப்புதான், 40–60 விநாடி. அழுக்குக்குள் ஆல்கஹால் சரியாக இறங்காது. வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டாலும் அப்படியே: வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்களை (கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹால் கொல்லாது, ஓடும் தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போகும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் வாளிக்குள் கையை முக்காதீர்கள். இன்னொருவர் செம்பில் மொண்டு ஊற்றட்டும். தண்ணீர் தேங்கிய டப்பாவில் ஊறும் சோப்புக்கட்டியைவிடத் திரவ சோப்பு நல்லது.

கையுறை போட்டிருந்தாலும், கழற்றியதும் இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்.